ஒரு சரைக்குள் இரண்டு செடி

ஒரு செடி ஒன்றா இரண்டா என்பதற்காக, ஐம்பது வயதை நெருங்கும் ஒரு மனிசிக்கு ஏன் இவ்வளவு கோபம் வரவேண்டும்? 1994ஆம் ஆண்டு மாசி மாதம், பள்ளிக்கூடத்தை முடித்துவிட்டு அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் திரிந்துகொண்டிருந்த எனக்கு, இந்தக் கேள்விக்குப் பதில் தெரியவில்லை. பெரியம்மா கமலாம்பிகை, நான் தங்கியிருந்த அவருடைய லண்டன் வீட்டுக்கு, வேலையால் வருவார். சாப்பாட்டுப் பெட்டியைப் பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் 'டொங்' என்று போடுவார். கோட்டைக் கழற்றாமலே கதிரையில் இருப்பார். என்ன நடந்தது என்று கேட்டால், "அதுகள் ரெண்டும் வேற வேறயடி" என்பார். அவ்வளவுதான். பிறகு மெல்லமெல்ல எல்லாம் தெரியவந்தது.

கமலாம்பிகை யாழ்ப்பாணத்தில் ஒரு பெண்கள் பாடசாலையில் பதினான்கு வருடம் தாவரவியல் படிப்பித்தவர். 1987இல் கணவர் தில்லையம்பலத்தோடு லண்டனுக்கு வந்து விம்பிள்டனில் குடியேறினார். தில்லையம்பலத்துக்குக் கவுன்சிலில் ஒரு எழுத்துவேலை கிடைத்தது. கமலாம்பிகையின் பட்டத்தை இங்கே யாரும் பட்டமாக எடுத்துக்கொள்ளவில்லை. திரும்பப் படித்துவிட்டு வாருங்கள் என்றார்கள். நாற்பத்திரண்டு வயதில், தான் படிப்பித்த பாடத்தையே ஏன் திரும்பப் படிக்கவேண்டும் என்று அவருக்கு விளங்கவில்லை. ஒரு வருடம் கழித்து, மேற்கு லண்டனில் ஒரு ஹேர்பேரியத்தில் வேலைக்கு ஆள் தேவை என்று விளம்பரம் பார்த்தார். காய்ந்த செடிகளைத் தாளில் ஒட்டிப் பாதுகாத்து வைக்கும் இடம்தான் ஹேர்பேரியம். உலகம் முழுவதிலுமிருந்து கொண்டுவந்த செடிகள் இலட்சக்கணக்கில் அலுமாரிகளில் அடுக்கியிருக்கும். விண்ணப்பித்தார். கிடைத்தது, ஒட்டுகிற வேலை.

அந்த வேலை நிலத்துக்குக் கீழே ஒரு நீண்ட அறையில். செடி சேகரிப்பவர்கள் பழைய பத்திரிகைத் தாள்களுக்குள் வைத்து அமத்தி அனுப்பிய செடியை எடுத்து, கெட்டியான வெள்ளைத் தாளில் பசையால் ஒட்டவேண்டும். தடித்த தண்டுகளை ஊசிநூலால் தைக்கவேண்டும். உதிர்ந்து கிடக்கும் பூ, விதை, இலைத்துண்டு எதையும் வீசக்கூடாது. அவற்றை ஒரு சின்னக் கடதாசிச் சரைக்குள், மடித்த பொட்டலத்துக்குள் போட்டு, அதே தாளின் மூலையில் ஒட்டவேண்டும். எந்தச் செடியின் உதிரியோ அந்தச் செடியின் தாளில். அந்த அறையின் முதற் சட்டம் அதுதான். இரண்டாவது சட்டம், ஒட்டுபவர் ஒட்டவேண்டும். செடியின் பெயரைப் பற்றிப் பேசுவது மேல்மாடிக்காரரின் வேலை.

பக்கத்து மேசையில் இருந்தவர் அஞ்சலீனா. யாழ்ப்பாணத்துக் குருநகர்ப் பெண், கமலாம்பிகையைவிடப் பத்து வயது இளையவர். கமலாம்பிகை படிப்பித்தவர் என்று அறிந்த நாளிலிருந்து 'ரீச்சர்' என்றுதான் கூப்பிடுவார். மேல்மாடிக்காரரோ கமலாம்பிகை என்ற பெயரை நீளமென்று 'கம்லா' ஆக்கிவிட்டார்கள்.

மேல்மாடியில் மெற்றில்டா ஹார்க்னஸ் என்ற ஆராய்ச்சியாளர் இருந்தார். அங்கே எல்லோரும் அவரை 'மெற்றில்டா' என்றே கூப்பிட்டார்கள். கமலாம்பிகைக்கு மட்டும் அப்படிக் கூப்பிட வாய் வரவில்லை. கடைசிவரை 'டொக்டர்' தான். மெற்றில்டா சூரியகாந்தி, செவ்வந்தி எல்லாம் அடங்கிய குடும்பத்தைப் பற்றி ஆராய்பவர். அந்தக் குடும்பத்தில் ஊதாப் பூப் பூக்கும் ஒரு பெரிய கூட்டம் உண்டு. நூறு வருடமாக, எங்கே சேர்ப்பதென்று தெரியாத செடிகளையெல்லாம் ஆளாளுக்கு அதற்குள் போட்டுவந்திருந்தார்கள். ஆயிரத்துக்குக் கிட்ட இனங்கள். 1990இல் மெற்றில்டா அதன் ஆபிரிக்கப் பகுதியைப் பிரித்து ஒழுங்குபடுத்தத் தொடங்கினார். சிலதை வேறு கூட்டத்துக்கு மாற்றினார். இரண்டென்று எண்ணியிருந்த சிலதை ஒன்றுதான் என்று சேர்த்தார். ஒவ்வொரு முடிவுக்கும் ஒரு சின்னத் துண்டில் புதுப்பெயர் அச்சிட்டுக் கீழே வரும். பழைய பெயரை அகற்றாமல் அதற்கு மேலே புதுத் துண்டை ஒட்டுவது இவர்கள் இருவரின் வேலை.

"ரீச்சர், இந்தச் செடிக்கு இது நாலாவது பேர்" என்று அஞ்சலீனா ஒருநாள் தாளைத் தூக்கிக் காட்டினார். "எங்கட ஆக்கள் பாஸ்போட்டில கூட இவ்வளவு தரம் மாத்தேல்லை."

கமலாம்பிகைக்கு அந்த வேலை பிடித்திருந்தது. மெற்றில்டாவின் முடிவுகளை ஒட்டும்போது, பரீட்சைத் தாள் திருத்துவதுபோல ஒவ்வொன்றையும் மனதுக்குள் சரி பார்ப்பார். சரி, சரி, சரி. நாலு வருடத்தில் ஒன்றுகூடப் பிழையாகப் படவில்லை. பிழையாகப்பட்ட முதலாவது துண்டு 1994 மாசியில் வந்தது.

இரண்டு தாள்கள். இரண்டும் தன்சானியாவின் தெற்குப் பக்கத்து மலையொன்றில், ஒரே ஆள் ஒரே நாளில் சேர்த்த செடிகள். சேகரித்தவர் போட்ட இலக்கம் 511, 512. இதுவரை இரண்டும் வேறு வேறு இனம் என்று இருந்தது. இனி இரண்டும் ஒன்று என்றது துண்டு. கமலாம்பிகை இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒன்றின் இலை தண்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தது, மற்றதற்கு நீளக் காம்பு. ஒன்றின் பூந்தலைகள் கொத்தாக, மற்றதில் தனித்தனியாக. பதினான்கு வருடம் பிள்ளைகளுக்கு இலையைப் பார், காம்பைப் பார் என்று சொன்ன கண் அது. பசைத் தூரிகையைக் கீழே வைத்துவிட்டு, அந்தத் துண்டுகளை ஒட்டாமலே எடுத்துக்கொண்டு மேலே போனார்.

மெற்றில்டா கோபிக்கவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு இருக்கச் சொன்னார். கமலாம்பிகை சொன்னதையெல்லாம் தலையாட்டிக் கேட்டார். இலையும் காம்பும் நிழலில் ஒருவிதமாகவும் வெயிலில் இன்னொருவிதமாகவும் வரும், அதை நம்ப முடியாது, இந்தக் குடும்பத்தில் விதைதான் சாட்சி என்று விளக்கினார். ஒன்றின் விதையில் பத்து வரம்பு ஓடும், மற்றதன் விதை நாலு மூலையாக இருக்கும் என்று, எது எந்தச் செடிக்கென்று சொல்லாத ஒரு பழைய குறிப்பை நம்பித்தான் எல்லோரும் இரண்டாக வைத்திருந்தார்கள். ஆனால் 511இன் சரைக்குள்ளே இரண்டு விதமான விதையும் இருந்தன. ஒரே செடியில் இரண்டும் காய்க்குமென்றால் பிரிக்க என்ன காரணம்? மற்றப்படி, நீங்கள் கவனித்தது 'வெரி இன்ரரெஸ்ரிங்' என்றார்.

ஏழு வருடத்தில் கமலாம்பிகைக்கு அந்தச் சொல் நன்றாக விளங்கியிருந்தது. இந்த ஊரில் ஒருவர் அப்படிச் சொன்னால் கதவைச் சாத்தியாயிற்று.

அவர் விடவில்லை. இரண்டு பக்கத்தில் இலை, காம்பு, மயிர் எல்லாவற்றையும் அளந்து எழுதி மெற்றில்டாவின் தட்டில் வைத்தார். நாலு நாளில் 'மிக்க நன்றி, கம்லா' என்று ஓரத்தில் எழுதித் திரும்பி வந்தது. நூலகத்தில் தேடினார். அந்தச் செடிகளுக்கு உலகத்தில் மூன்றே மூன்று தாள்கள்தான் இருந்தன. இரண்டு இங்கே, ஒன்று நைரோபியில். நைரோபிக்கு எழுதச் சொல்லி மெற்றில்டாவைக் கேட்டார். இரவல் வர ஆறு மாதமாகும், மெற்றில்டாவின் முடிவுகளெல்லாம் அடங்கிய புத்தகம் பங்குனி முப்பத்தோராம் திகதி அச்சுக்குப் போகிறது என்று பதில். புத்தகம் அச்சானால் பிறகு இருபது முப்பது வருடத்துக்கு உலகம் முழுவதும் அதைப் பார்த்துத்தான் பெயர் எழுதும். மலையில் இரண்டாக நிற்பது கடதாசியில் ஒன்றாகிவிடும். ஒன்று அழிந்துபோனாலும், மற்றது நிற்கிறதுதானே என்று யாரும் தேடமாட்டார்கள்.

வீட்டில் இதைச் சொன்னபோது தில்லையம்பலம் பத்திரிகையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "உமக்கு ஒட்டத்தானே சொன்னவை?" என்றார்.

கமலாம்பிகை அன்று இரவு அவரோடு கதைக்கவில்லை. வெள்ளிக்கிழமை கணபதி கோயிலுக்குப் போகும் வழியிலும் கதைக்கவில்லை.

பங்குனி இரண்டாம் கிழமை. சாப்பாட்டு நேரத்தில் கமலாம்பிகை 511ஐ மறுபடி எடுத்தார். இதுவரை இலையையும் தண்டையும்தான் பார்த்திருந்தார், சரையைத் திறக்கவில்லை. மெற்றில்டா எண்ணி வைத்ததைத் தொட ஒரு கூச்சம். அன்று, அந்தச் சாட்சியை ஒருக்கால் நேரே பார்த்துவிடுவோம் என்று பூதக்கண்ணாடியைக் கிட்டே இழுத்துக்கொண்டார். சரையில் விரல் வைத்ததும் விரல் நின்றுவிட்டது.

அந்த அறையில் சரை மடிக்கும் முறை ஒன்று இருந்தது. மேலே ஒரு மடிப்பு, இரண்டு பக்கமும் பின்னுக்கு. எல்லோரும் அப்படித்தான் மடிப்பார்கள். இது அப்படியில்லை. இரண்டு பக்கமும் உள்ளே மடிந்து, கீழ் நுனி மேல் மடிப்புக்குள் செருகியிருந்தது. திருநீற்றுச் சரை. கோயிலில் ஐயர் தரும் திருநீற்றைச் சிந்தாமல் வீட்டுக்குக் கொண்டுபோக மடிக்கிற மடிப்பு. வேலைக்குச் சேர்ந்த முதல் சில மாதங்கள் கமலாம்பிகை கைப்பழக்கத்தில் அப்படித்தான் மடித்தார். மேற்பார்வையாளர் கண்டு திருத்தும்வரை. அந்த அறையில் அப்படி மடிக்கத் தெரிந்த வேறு ஒருவர் இருக்கவில்லை. அஞ்சலீனா வேதக்காரி, தேவாலயத்துக்குப் போகிறவர்; அதுவும் பிறகு வந்தவர். தாளின் அடியில் பென்சிலால் சின்னதாகத் திகதி: 1989 மாசி.

அப்போது எல்லாம் ஞாபகத்துக்கு வந்தது. சுவாகிலிப் பத்திரிகைத் தாள்கள். 511, 512 இரண்டையும் ஒரே நேரத்தில் பிரித்து மேசையில் வைத்திருந்தார். பெட்டி இறக்க வந்தவர்கள் வெளிக்கதவைத் திறந்தார்கள். ஒரு காற்று. இந்தக் குடும்பத்து விதைகளின் தலையில் வெள்ளை மயிர்க் குஞ்சம் இருக்கும். பறப்பதற்கென்றே பிறந்த விதைகள். ஐந்து வருடம் காய்ந்து கிடந்தும் பறந்தன. கமலாம்பிகை மேசையிலும் நிலத்திலும் தூரிகையோடு துரத்தித் துரத்தி ஒவ்வொன்றாகப் பிடித்தார். பதினெட்டு விதை. எது எந்தச் செடியினுடையது என்று யாருக்குத் தெரியும்? ஒன்றையும் வீசக்கூடாது என்பது சட்டம். கலந்துபோயிற்று என்று மேற்பார்வையாளரிடம் சொல்லியிருக்கவேண்டும். ஆனால் அது சோதனைக்காலம். நிரந்தரமாவதற்கு இரண்டு மாதம் இருந்தது. எல்லாவற்றையும் முதல் தாளின் சரைக்குள் போட்டு மூடினார்.

512ஐ எடுத்து அதன் சரையைத் திறந்தார். வெறுஞ்சரை.

 தேத்தண்ணீர் குடித்துவிட்டு அஞ்சலீனா திரும்பி வந்தபோது ரீச்சரின் முகம் சரியில்லை. கேட்டார். கமலாம்பிகை இரண்டு சரைகளையும் காட்டி நடந்ததைச் சொன்னார்.

அஞ்சலீனா கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நாலு மூலை விதையளை எடுத்து அங்கால, மற்றச் சரைக்குள்ள போடுங்கோ ரீச்சர். ஆருக்குத் தெரியும்?"

"எந்த நாலு மூலையை?"

"உந்த நாலு மூலையைத்தான்."

"அது 512இன்ர எண்டு உனக்கு ஆர் சொன்னது? பத்து வரம்பு 512இன்ரயா இருந்தா?"

"நீங்கள்தானே ரீச்சர் ஒரு மாசமாச் சொல்லிக்கொண்டு திரியிறியள்."

"நான் சொன்னா? நான் சொன்னதை நானே சரைக்குள்ள போட்டிட்டு, பிறகு நானே எடுத்துப் பாத்துச் சரியெண்டு சொல்லுறதோ?"

 அஞ்சலீனாவுக்கு வேறு ஒரு கவலையும் இருந்தது. ஆனி மாதத்துக்குள் ஒட்டுபவர்களைக் குறைக்கப்போகிறார்கள் என்று ஏற்கெனவே கதை அடிபட்டுக்கொண்டிருந்தது. இதைச் சொன்னால் முதலில் போவது யார் என்று கேட்க வேண்டியதில்லை.

தில்லையம்பலமும் அதையேதான் சொன்னார். இந்த முறை பத்திரிகையை மடித்து வைத்துவிட்டுச் சொன்னார். வீட்டுக்குக் கடன் எடுத்து ஒரு வருடம்தான் ஆகிறது, மகன் பல்கலைக்கழகத்துக்குப் போகப்போகிறான், ஆபிரிக்காவில் ஏதோ ஒரு மலையில் நிற்கிற புல்லுக்காக... "நீர் உம்மட பிழையைச் சொன்னாலும் அவள் நீர் சொன்னதை நம்பவேணுமெண்டு இல்லையே?" என்று கேட்டார். "ஒட்டுறதையே ஒழுங்கா ஒட்டத் தெரியாதவ, இனம் பிரிக்க வந்திட்டா எண்டெல்லோ சொல்லுவாள்."

கமலாம்பிகையை அதுதான் சுட்டது. ஏனென்றால் அது உண்மை. ஒரு மாதமாக அவர் மேல்மாடிக்குப் படியேறியதெல்லாம், கீழே இருப்பவருக்கும் கண் இருக்கிறது என்று காட்டத்தான். இப்போது சொல்லப்போவது, கீழே இருப்பவரை நம்பாதே என்பதற்கு அவர்களே தேடினாலும் கிடைக்காத உதாரணம்.

"இஞ்சாருங்கோ" என்றார் கடைசியில். "அவ என்னை நம்பத் தேவையில்லை. அந்தச் சரையை நம்பாமல் விட்டாப் போதும்."

திங்கட்கிழமை காலை அவர் மேலே போனார். இரண்டு தாள்களையும் மெற்றில்டாவின் மேசையில் வைத்து, மடிப்பைக் காட்டி, திகதியைக் காட்டி, வெறுஞ்சரையைக் காட்டி, காற்றடித்ததிலிருந்து எல்லாவற்றையும் சொன்னார். தன் ஆங்கிலம் அன்று ஒரு இடத்திலும் தடக்கவில்லை என்பது அவருக்கே பிறகு ஆச்சரியமாக இருந்தது.

மெற்றில்டா கண்ணாடியைக் கழற்றினார். அவர் 'இன்ரரெஸ்ரிங்' என்று சொல்லவில்லை.

"நிச்சயமாகத் தெரியுமா?"

"நிச்சயம், டொக்டர்."

"எந்த விதை எந்தச் செடியிலிருந்து வந்தது என்று உங்களால் சொல்ல முடியுமா?"

"முடியாது."

"அப்படியென்றால் நானும் இரண்டென்று எழுத முடியாது, இல்லையா?"

"முடியாது. ஆனால் ஒன்றென்றும் எழுத முடியாது."

மெற்றில்டா மேசையிலிருந்த நாட்காட்டியைப் புரட்டினார். பிறகு, புத்தகத்தின் அந்தப் பகுதி போன வியாழக்கிழமையே அச்சகத்துக்குப் போய்விட்டது என்றார். முப்பத்தோராம் திகதி என்பது கடைசிப் பகுதிக்குரிய திகதி. அச்சகத்துக்குத் தொலைபேசி எடுத்தார். பக்கங்கள் கோத்தாயிற்று, ஒரு இனத்தைக் கூட்டினால் அதற்குப் பிறகு வரும் இலக்கங்கள் எல்லாம் மாறும், இனி ஒன்றும் செய்ய இயலாது என்று அந்தப் பக்கத்திலிருந்து சொன்னது கமலாம்பிகைக்கும் கேட்டது. தொலைபேசியை வைத்துவிட்டு மெற்றில்டா சொன்னது ஒரே ஒரு வசனம்.

"இதை எண்பத்தொன்பதில் சொல்லியிருந்தால் ஐந்து நிமிட வேலை, கம்லா."

திட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம் என்று கமலாம்பிகை பிறகு சொல்வார்.

511இன் தாளில் ஒரு துண்டு ஒட்டப்பட்டது. 'இந்தச் சரையிலுள்ள விதைகள் 1989இல் ஒட்டும்போது இரண்டு செடிகளிலிருந்து கலந்தவை. சான்றாகக் கொள்ளவேண்டாம்.' கீழே கமலாம்பிகையின் பெயர். முழுப்பெயர், மெற்றில்டா எழுத்தெழுத்தாகக் கேட்டு எழுதினார். அந்தக் கட்டடத்தின் இலட்சக்கணக்கான தாள்களில் அவருடைய பெயர் இருப்பது அந்த ஒன்றில்தான்.

ஆனியில் ஆட்களைக் குறைத்தார்கள். போனது இன்னொரு பகுதிக்காரர். கமலாம்பிகையை நிறுத்தவில்லை. பதிலாக, 1988, 89இல் அவர் ஒட்டிய அத்தனை தாள்களையும் அவரே எடுத்துச் சரை சரையாகத் திறந்து சரிபார்க்க வேண்டும் என்று கடிதம் வந்தது. இரண்டாயிரத்து நூற்று நாற்பது தாள்கள். மற்ற வேலைகளுக்கு இடையில் அதைச் செய்து முடிக்க ஒன்றரை வருடம் எடுத்தது. ஒவ்வொரு திருநீற்றுச் சரையையும் பிரித்து, பார்த்து, அந்த அறையின் முறைப்படி திரும்ப மடித்தார். வேறு ஒரு பிழைகூட இருக்கவில்லை. அறிக்கை எழுதி மேலே கொடுத்தார். அதைப் பற்றி யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

நைரோபிக்கு மெற்றில்டா எழுதத்தான் செய்தார். அந்தத் தாள் வேறொரு நாட்டுக்கு இரவல் போயிருக்கிறது, வந்ததும் அனுப்புகிறோம் என்று பதில் வந்தது. 1996இல் கமலாம்பிகை ஞாபகப்படுத்தினார். இன்னும் வரவில்லை. 1997இல் மெற்றில்டா ஓய்வுபெற்றுப் போனார். அவருடைய இடத்துக்கு வந்தவர் புல் ஆராய்ச்சிக்காரர்; ஊதாப் பூக்களில் அவருக்கு அக்கறை இல்லை. கமலாம்பிகை அவரிடமும் ஒருதடவை போய்ச் சொன்னார். புத்தகம் ஒன்றென்கிறது, புத்தகத்தை மாற்ற இன்னொரு புத்தகம் வேண்டும் என்று அவர் சொன்னார். அது நியாயம்தான். நியாயமான பதில்களைக் கேட்டுக் கேட்டுத்தான் கமலாம்பிகைக்குத் தலை நரைத்தது.

ஒருநாள் தில்லையம்பலம், இவ்வளவு காலத்துக்குப் பிறகு, அதுகள் உண்மையிலேயே ஒன்றாக இருந்தால் என்ன செய்வீர் என்று கேட்டார்.

"இருந்தா இருக்கட்டும்" என்றார் கமலாம்பிகை. "ஆரும் போய்ப் பாத்திட்டுச் சொல்லட்டும். என்ர மேசையில அடிச்ச காத்துச் சொல்லக்கூடாது."

அந்தத் துண்டு அலுமாரிக்குள் இருக்கிறது. புத்தகம் உலகமெல்லாம் இருக்கிறது. புத்தகத்தைப் பார்ப்பவர்கள் அலுமாரியைத் திறக்கப்போவதில்லை. ஆகவே இதை வாசிக்கும் உங்களிடம் கேட்பது இதுதான்: உங்கள் வீட்டிலோ, தெரிந்தவர் வீட்டிலோ தாவரவியல் படிக்கும் பிள்ளை இருந்தால், ஆபிரிக்காப் பக்கம் வேலைக்குப் போகிறவர் யாராவது இருந்தால், இந்தக் கதையை அவருக்குச் சொல்லுங்கள். தன்சானியாவின் தெற்கில் அந்த மலையில் இலை தண்டைக் கட்டிப்பிடித்த ஒரு செடியும், காம்பு நீண்ட ஒரு செடியும் நிற்கும். இரண்டும் காய்க்கும் காலத்தில், ஒவ்வொன்றிலும் இன்னும் உதிராத ஒரு விதையை அதன் பூந்தலையிலிருந்தே பிடுங்கி, பத்து வரம்பா நாலு மூலையா என்று பார்க்கச் சொல்லுங்கள். உங்களுக்கு அப்படி யாரையும் தெரியாவிட்டால், தெரிந்தவருக்குச் சொல்லக்கூடிய இன்னொருவருக்குச் சொல்லுங்கள்.